அமாவாசையில் ஓடிய தறி

“திருப்பி எடு வசந்த்! எப்படியாவது அந்த மெயிலைத் திருப்பி எடு!”

துர்கா மௌஸை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் அது மேஜை விளிம்பில் இருந்து தொங்கியது.

“எங்கேருந்துக்கா எடுக்கறது? தபால் பெட்டில போட்ட லெட்டர்னா போஸ்ட்மேன் கால்ல விழலாம். இது சனிக்கிழமை போனது. அந்தம்மா படிச்சு முடிச்சு, ஏப்பமும் விட்டிருக்கும்.”

“விளையாடாதப்பா. என் பொழப்பே அதுலதான் இருக்குது.”

2005, செப்டம்பர் 5, திங்கட்கிழமை. காலை ஒன்பது பத்து. காந்தி ரோட்டில் வசந்தின் பிரௌசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாதி நேரம் சுற்றாத ஒரு மின்விசிறி.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் துர்கா நிம்மதியாகத்தான் உள்ளே வந்தாள். அவளுக்குத் தேவை ஒரே ஒரு பிரிண்ட். கலெக்டருக்கு எழுதிய மனு. திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்குக் கலெக்டர் மனு வாங்குவார். மனுவைக் கொடுத்து, நம்பர் போட்ட ரசீதை வாங்கிவிட்டால் போதும். அதற்கப்புறம் அந்த மனுவை எந்தக் கொம்பனாலும் காணாமல் அடிக்க முடியாது. அதற்கு முன்னால் மட்டும் அவள் பெயர் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மனுவும் போகும், வேலையும் போகும்.

ஏனென்றால் மனு தணிகாசலத்தின் மேல்.

தணிகாசலத்துக்கு லாரி உண்டு, ப்ளாட் உண்டு, வெள்ளை சுமோ உண்டு, எந்த ஆட்சி வந்தாலும் மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று கரை வேட்டி உண்டு. துர்கா, பத்திரம் எழுதும் சிட்டிபாபுவின் ஆபீசில் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிப்பவள். போன மாதம் தணிகாசலம் விற்ற நாலு மனைகளுக்குப் பத்திரம் அடித்தாள். ‘புஞ்சை நிலம்’ என்று போட்டிருந்தது. ஆனால் நாலு பக்க எல்லையையும் அடிக்க அடிக்க அவள் விரல் மெதுவாகிவிட்டது. இந்தப் பக்கம் அரசமரம். அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் பாதை. தெற்கில் அவள் அம்மா காந்தாவின் கழனி. எப்படிச் சுற்றினாலும் நடுவில் இருப்பது அல்லிக்குளம். திருப்புட்குழி தாண்டி அவள் பிறந்த ஊரில், அவள் நீச்சல் பழகிய குளம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அம்மா நாற்று விடுகிறாள்.

இதை அவள் புருஷனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொன்னது மூங்கில் மண்டபத்தில்.

அது ஓர் இன்டர்நெட் குழு. காஞ்சிபுரத்தில் இருப்பவர்களும் காஞ்சிபுரத்தை விட்டுப் போனவர்களுமாகப் பதினொரு பேர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. பாதிப் பேருக்கு நிஜப் பெயரும் இல்லை. துர்காவுக்கு அங்கே ‘மழைத்துளி’ என்று பெயர். நியூஜெர்சியில் இருக்கும் ராம்ப்ரஸாத் அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட புயலைப் பற்றி எழுதுவான். பெங்களூர் ஸௌம்யா ஹாஸ்டல் உப்புமாவைத் திட்டுவாள். ஜூலையில் பம்பாய் மூழ்கியபோது அங்கே இருந்த ஒரு நண்பரிடமிருந்து பதில் வராமல் மூன்று நாள் பத்துப் பேரும் தவித்தார்கள். கரண்ட் கட், கல்யாணம், கத்திரிக்காய் விலை, எல்லாம் வரும்.

பிறகு, அம்சா.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்ட அம்சா. துர்காவுக்கு டைபாய்டு வந்தபோது தினமும் “கஞ்சி குடிச்சியா?” என்று கேட்ட அம்சா. லீவு கொடுக்க மூக்கால் அழுத முதலாளியைப் பற்றித் துர்கா புலம்பியபோது, “உன் மூஞ்சூறு ஓனர் நல்லா இருப்பானா?” என்று கூடவே சேர்ந்து திட்டிய அம்சா. மூஞ்சூறு என்று சிட்டிபாபுவுக்குப் பெயர் வைத்தவள் துர்காதான்.

இரண்டு வாரம் முன்பு துர்கா குழுவில் எழுதினாள்: ‘எங்க ஊர்ல ஒரு குளம் காணாம போச்சு. கண்டுபிடிச்சுக் குடுக்கறவங்களுக்குத் தக்க சன்மானம்.’ ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் தைரியம் கூடி, ‘திங்கக்கிழமை கலெக்டர்கிட்டயே தேடிக் குடுக்கச் சொல்லப் போறேன்’ என்றும் எழுதினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அம்சா மட்டும் சிரிக்கவும் இல்லை, கை தட்டவும் இல்லை. தனி மெயிலில் கேள்வி கேட்டாள். எந்த ஊர்? பத்திரம் யார் எழுதினது? உன் ஓனருக்குத் தெரியுமா? சனிக்கிழமை வந்தது இது:

‘காலைலேர்ந்து தறியிலதான்மா உக்காந்துக்கினு இருக்கேன். முதுகு உடைஞ்சு போச்சு. சர்வே நம்பர் மட்டும் சொல்லு. தெரிஞ்சவர் ஒருத்தர் பட்டா பார்த்துச் சொல்லுவார். எனக்கு மட்டும் சொல்லு.’

துர்கா சொன்னாள். சர்வே நம்பர், ஊர், தணிகாசலம், தான் பத்திர ஆபீசில் டைப் அடிப்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

இன்று பிரிண்டர் ஒயரைச் சரிசெய்யக் குனிந்த வசந்த், திரையில் இருந்த அந்த மெயிலைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“யாருக்கா இது? சனிக்கிழமை தறில உக்காந்திச்சாமா?”

“ஏன், சனிக்கிழமை நெய்யக் கூடாதா?”

“ஆவணி அமாவாசைக்கா! அமாவாசைக்கு எவன் தறில உக்காருவான்? எங்க அப்பா நாப்பது வருஷமா நெய்யறார். அன்னிக்குத் தறிக்குழில காலே வைக்க மாட்டார். எங்க தெரு முழுக்க லீவு. எங்கப்பா சீட்டுக்கட்டைத் தேடிக்கினு போயிடுவார். இது நெசவாளி வீட்டுப் பொம்பளையே இல்ல. யாரோ உன்கிட்ட சும்மா நூல் வுட்றாங்க.”

அப்போதுதான் துர்கா மௌஸைத் தள்ளினாள்.

வசந்த் மௌஸைத் தூக்கி மேஜையில் வைத்தான். “அக்கா, பதறாத. சும்மா பேச்சுக்கு எழுதினதா இருக்கும்… இரு, இரு. புதுசா ஒண்ணு வந்திருக்குது பாரு. அந்தம்மாதான்.”

திறந்தாள். ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு அனுப்பியது. ஒரே வரி.

‘துர்கா, மனு குடுக்கப் போகாதே. நேரா வேலைக்குப் போ.’

அவள் முதல் சொல்லைத் திரும்பப் படித்தாள்.

“என்னக்கா?”

“என் பேரு…” என்றாள் துர்கா. “இவங்ககிட்ட என் பேரை நான் சொன்னதே இல்ல.”

வசந்த் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. மனுவை பிரிண்ட் எடுத்தான். அவள் கேட்டபடி, அம்சா இதுவரை தனியாக அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தான். முப்பது பக்கத்துக்கு மேல் வந்தது.

“போலீஸ்ல சொல்லலாமா?”

“என்னன்னு? ஒரு பொம்பள அமாவாசைக்குத் தறி ஓட்டினான்னா?”

வெளியே பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார்கள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. துர்கா ஆட்டோ பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்கு விடச் சொன்னாள். போகாதே என்று யாரோ சொல்வதே, போக வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம்.

ஆனால் வாசலில் வெள்ளை சுமோ நின்றிருந்தது.

தணிகாசலம் அதன் மேல் சாய்ந்து செல்போனில் பேசிக்கொண்டே, உள்ளே போகிற ஒவ்வொருத்தர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். யார் கையில் காகிதம், அது என்ன காகிதம். பக்கத்தில் அவருடைய ஆள் ஒருத்தன் ஒரு கிழவரை நிறுத்தி, மனுவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“எறங்கலையாமா?” என்றார் ஆட்டோக்காரர்.

“இல்ல. திருப்புங்க. பத்திர ஆபீஸ்.”

வேலைக்குப் போகாமல் இருந்தால் அதுவே வாக்குமூலம். போயாக வேண்டும்.

ஆட்டோ குலுங்கியது. துர்கா பிரிண்ட் எடுத்த தாள்களைப் புரட்டினாள். யார் நீ? இரண்டு வருஷமாக என்னோடு சாம்பாரும் சண்டையும் பேசிய நீ யார்? எங்கேயாவது ஒரு இடத்தில் வழுக்கியிருப்பாய்.

பன்னிரண்டாவது பக்கத்தில் அவள் கை நின்றது. போன தீபாவளிக்கு எழுதிய மெயில். ‘உங்க வீடு எங்கே இருக்குது?’ என்று துர்கா விளையாட்டாகக் கேட்டதற்குப் பதில்.

‘செல்லப்பன் வீட்டுக்கு மேற்கு, பொதுச் சந்துக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு, கால்வாய்க்குத் தெற்கு, இதுக்கு நடுவுல இருக்குது எங்க வீடு. ஒரு நாள் வாயேன்.’

அப்போது படித்துச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வழி சொல்கிறவர்கள் பெட்டிக்கடைக்கு எதிர்ச்சந்து என்பார்கள், பச்சை கேட்டு என்பார்கள், வேப்பமரத்தண்ட வந்து கேளு என்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பித்து, நாலு திசையும் தப்பாமல் அளந்து, கடைசியில் தன் வீட்டுக்கு வந்து சேர்கிறவர்கள் உலகத்தில் ஒரே ஜாதிதான்.

பத்திரம் எழுதுகிறவர்கள்.

அவள் தினமும் பத்துத் தடவை அடிக்கிற வாசகம். அதுவும் மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு என்ற இந்த வரிசை. எல்லா ஆபீசிலும் கிழக்கில்தான் ஆரம்பிப்பார்கள். மேற்கில் ஆரம்பிக்கிறவர் ஊரில் ஒரே ஆள்தான். ‘நம்ம ஆபீஸ் வழக்கம்மா, மாத்தாதே’ என்று அவளை முதல் வாரமே திட்டியவர்.

ஆட்டோ நின்றது. பத்திர ஆபீஸ் வாசலில் ‘டி. சிட்டிபாபு, ஆவண எழுத்தர்’ என்ற போர்டு வெயிலில் மின்னியது.

சிட்டிபாபு இல்லை.

இருபது வருஷமாகப் பத்து மணிக்குச் சாம்பிராணி போட்டு உட்காருகிறவர் இன்று பதினொன்று ஆகியும் வரவில்லை. எங்கே போயிருப்பார்? யாரிடம் பேசிக்கொண்டிருப்பார்? துர்காவின் கண் முன்னால் வெள்ளை சுமோ வந்து வந்து போனது.

பதினொன்று பத்துக்கு வந்தார். சின்ன உருவம், கூர் மூக்கு, தடித்த கண்ணாடி. செருப்பெல்லாம் புழுதி. கையில் பழுப்பு உறை. அவளைப் பார்க்காமல் உள்ளறைக்குள் போனார். உள்ளே அவருக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர். ‘நிலத்துக்குக் கவர்மென்ட் போடற வழிகாட்டி மதிப்பு பார்க்கத்தான் நெட்டு’ என்பார். கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்ப்பார்.

துர்கா எழுந்தாள். பன்னிரண்டாவது பக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், ஒரு எல்லை சரி பார்க்கணும்.”

“குடும்மா.” வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பழக்கப்படி ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து நகர்த்தினார். ‘பொதுச் சந்து’ வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“சரியா இருக்குதா, அம்சாக்கா?”

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றினார்.

“மூஞ்சூறுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்மா. இருந்தாலும் சரியாத்தான் இருக்குது.”

“ரெண்டு வருஷம்!” துர்கா தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். “என்னெல்லாம் சொல்லியிருக்கேன்! என் மாமியார் பேசினது, என் உடம்புக்கு வந்தது… வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“நீதான் மழைத்துளின்னு சனிக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. அந்த சர்வே நம்பரை அடிச்ச கை இந்த ஊர்ல ஒண்ணுதான். அதைப் படிச்சப்பதான்…” நிறுத்தினார். “லீவுக்கு அழுத முதலாளியை நானே உக்காந்து திட்டியிருக்கேன் பாரு.”

“எதுக்குப் பொம்பள வேஷம்?”

“ஆம்பளைன்னு எழுதினா, இன்னிக்குக் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு யாரு என்கிட்ட சொல்லுவா? வீட்ல பேச ஆள் இல்லம்மா. ஆபீஸ்ல எல்லாரும் சார்ங்கறீங்க.”

துர்காவுக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட இது நேரமில்லை என்றும் இருந்தது.

“குளத்தைப் பத்தி ஏன் அப்படித் தோண்டித் தோண்டிக் கேட்டீங்க? யாருக்காகக் கேட்டீங்க? ஏன் மனு குடுக்க வேணாம்னீங்க? காலைல எங்க போயிருந்தீங்க?”

பதிலுக்கு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“‘எங்க ஓனருக்கு இது தெரிஞ்சிருக்காது, அவர் மூஞ்சூறே தவிர திருடன் இல்ல’ன்னு எழுதியிருந்தே. ஏம்மா அப்படி எழுதினே?”

“அப்படித்தான் நெனச்சேன்.”

“இப்ப?”

அவள் வாய் திறப்பதற்குள் வெளியே கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக வெள்ளையாகத் தெரிந்தது. சிட்டிபாபு பழுப்பு உறையை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

“வெளில போம்மா. உன் சீட்ல உக்காரு.”

போக முடியவில்லை. தணிகாசலம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன சிட்டி, வேலையா? இருக்கட்டும், பாப்பாவும் இருக்கட்டும்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீவி வைத்தார். குழுவில் துர்கா எழுதியது. காணாமல் போன குளம், அதன் கீழே வெள்ளிக்கிழமை எழுதிய கலெக்டர் வரியும்.

“நியூஜெர்சில எவனோ ராம்ப்ரஸாத்தாம். தமாஷா இருக்குதுன்னு அம்பது பேருக்கு அனுப்பிச்சிருக்கான். அதுல ஒருத்தன் என் மச்சான் பையன். உலகம் சுத்தி என் கைக்கே வந்திடுச்சு.”

அப்படியானால் அம்சா காட்டிக்கொடுக்கவில்லை. இதுவரை.

“மழைத்துளியாம். இன்னிக்கு மனு குடுக்குமாம். காலைல எட்டரைலேர்ந்து வாசல்ல நின்னு பார்த்துட்டேன். ஒரு துளியும் விழல.” தணிகாசலம் சிரித்தார். “நாலு பத்திரமும் உன் ஆபீஸ்ல எழுதினது. விஷயம் இங்கேருந்துதான் போயிருக்குது. நேத்து போன்ல கேட்டேன், திங்கக்கிழமை சொல்றேன்னே. சொல்லு, யாரு?”

சிட்டிபாபு உறையின் விளிம்பை நேராக்கினார்.

தணிகாசலத்தின் தலை மெதுவாகத் துர்கா பக்கம் திரும்பியது. “ஏம்மா, நீ காந்தா பொண்ணுதானே? கொளத்துக்குத் தெக்கால கழனி?”

“ஆமாங்க.”

“டைப் பண்றது நீதானே?”

“ஆமாங்க.”

“இன்டர்நெட்டெல்லாம் பார்ப்பியா?”

துர்கா சிட்டிபாபுவைப் பார்த்தாள். அவர் கையில் அவள் எழுதிய எல்லாம் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். ஒரு விரலை நீட்டினால் போதும். கைப்பைக்குள் மனு, ரசீது இல்லாத வெறும் காகிதமாகக் கனத்தது.

“அந்தப் பொண்ணை ஏன் மெரட்றே?” என்றார் சிட்டிபாபு. “மழைத்துளி நான்தான்.”

தணிகாசலம் நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

“நீயா? யோவ், உனக்கு லெட்டர் எழுதவே கை நடுங்கும்.”

“எழுதிட்டேன். குடுத்தும் ஆச்சு. உன்னைத் தாண்டித்தான் உள்ள போனேன். உன் ஆளுகூட, வாங்க சார்னு வழி விட்டான். தினமும் ஃபைல் தூக்கிக்கினு போற ஆளை எவன் நிறுத்துவான்?”

பழுப்பு உறையைத் திருப்பினார். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கலெக்டர் அலுவலக முத்திரை. மனு எண். இன்றைய தேதி. மனுதாரர் என்ற இடத்தில், டி. சிட்டிபாபு.

துர்கா அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். வேலைக்குப் போ என்று அவளை அனுப்பியது இதற்குத்தான்.

தணிகாசலத்தின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. “வித்தவன் நான். என் மேல மனு குடுத்தா, எழுதினவன் நீ மட்டும் தப்பிச்சிடுவியா? பட்டா பொய்யின்னு எனக்கு அப்பத் தெரியாதுன்னு கதை விடப் போறியா? அதையும் பார்க்கறேன்யா. காப்பி வச்சிருக்கியா? குடு.”

சிட்டிபாபு மனுவின் நகலை நீட்டினார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவர் தணிகாசலத்தைப் பார்க்கவில்லை. துர்காவைத்தான் பார்த்தார், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனைப் போல.

தணிகாசலம் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் முதல் வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“மேற்படி இடம் அல்லிக்குளம் என்று தெரிந்தே, பணம் பெற்றுக்கொண்டு, நாலு பத்திரங்களையும் நான்தான் எழுதினேன்.”